பதினாலாவது விளக்கு

அத்தியாயம் 6

பதிமூன்றாவது முறையாக ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ரெண்டு படி," என்றார் மேடம் கீழே நின்றபடி. அவருக்கென்ன, சொல்வதற்குத் தொண்டை மட்டும் இருந்தால் போதும். ஏறுகிற காலும் நடுங்குகிற தொடையும் என்னுடையவை.

"மேடம், நான் உங்ககிட்ட துப்பறியறதுக்குத்தான் சேர்ந்தேன். ஒட்டடை அடிக்க இல்ல."

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. கிண்ணத்தைக் கழட்டு, ரேடியோ."

ரேடியோ என்பது நான்தான். வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர். மேடத்துக்கு யாரும் பட்டப்பெயர் வைத்ததில்லை. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொன்னவர்களையெல்லாம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தனியாக ஆபீஸ் போட்டவர். அவரிடம் விளையாட எனக்கு மட்டும்தான் துணிச்சல், அதுவும் ஏணி உச்சியில் இருக்கும்போது.

முதல் ஐந்து அத்தியாயங்களில் நாங்கள் அலைந்த அலைச்சலை இரண்டு மூச்சில் சொல்லிவிடுகிறேன். நூற்றைம்பது வருஷத்துப் பழைய பங்களா அது. சுவர், தரை, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் பதினான்கு பழைய தொங்கு விளக்குகள். அவற்றை இறக்கி, பித்தளையைத் தேய்த்து, உள்ளே மக்கிப்போன வயரை எடுத்துப் புது வயர் போட்டு, மறுபடி மாட்டுகிற வேலை விளக்குக்காரருடையது. பதின்மூன்று விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. பதினான்காவது, மரப் படிக்கட்டுக்கு மேலே தொங்கியது. ஒன்பது நாளுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை, அதற்கு முதல் தடவையாக ஸ்விட்ச் போட்டார்கள். பத்து நிமிஷத்தில் அதிலிருந்து பொறி கொட்டியது. கீழே பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேல்மாடியில் கூரைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஆள் இறங்கி வர அந்தப் படிக்கட்டைத் தவிர வேறு வழி கிடையாது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார், பிறகு இல்லை.

விளக்குக்காரர் போலீஸிடம் சொன்னது ஒரே வாக்கியம். "அந்த வயரிங் நான் போட்டது." அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகிறது. குற்றம் நிரூபணமானால் ஐந்து வருஷம் வரை உள்ளே.

எங்களிடம் வந்தது அவர் மனைவி. அவரும் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "அந்த விளக்குல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல."

தீயணைப்பு ஆபீசரின் ரிப்போர்ட்டோ தப்பு விளக்குக்குள்தான் என்றது. விளக்கின் நடுவயிற்றில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கும். சங்கிலி வழியாக இறங்கும் பெரிய வயரும், கிளைகளுக்குப் போகும் சின்ன வயர்களும் அதற்குள்தான் சேருகின்றன. அந்த இணைப்பு தளர்ந்து பொறி கிளம்பியிருக்கிறது. ஆகவே மேடம் எல்லாக் கேள்விகளையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: அந்தக் கிண்ணத்துக்குள் கடைசியாகக் கை விட்டது யார்?

கருகிய விளக்கு ஆபீசரின் அலமாரியில் சீல் வைத்துக் கிடந்தது. பார்க்க மூன்று மணிக்குத்தான் அனுமதி. அதுவரை சும்மா இருப்பானேன் என்று, தப்பித்த பதின்மூன்று விளக்குகளையும் திறந்து பார்க்கக் கிளம்பினோம். அதாவது, மேடம் கிளம்பினார், நான் ஏறினேன்.

"இதுலயும் முடிச்சு இருக்கு மேடம். அதே மாதிரி."

பெரிய வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒரு முடிச்சு. யாராவது வயரை இழுத்தால் இழுப்பு அந்த முடிச்சோடு நின்றுவிடும், உள்ளே இருக்கிற திருகுகளுக்குப் போகாது. அக்கறையாக வேலை செய்கிறவர்கள் மட்டும் போடுவது.

நான் போனில் எடுத்து, பாதி ஏணி இறங்கி நீட்டிய போட்டோவை மேடம் உற்றுப் பார்த்தார். "உன் ஷூ லேஸைக் கழட்டு."

"எதுக்கு மேடம்?"

"கழட்டுடா."

கழற்றினேன். அதே முடிச்சை எனக்குச் சொல்லிக் கொடுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதை போட்டோவுக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாமே பக்கம் மாறி இருந்தது.

"நீ வலது கைக்காரன். உன் முடிச்சு வலப்பக்கம் சாயுது. இந்தப் பதிமூணும் இடப்பக்கம் சாயுது."

"அப்போ போட்டது இடது கைக்காரன்!" ஏணியில் நிற்பதை மறந்து துள்ளினேன். ஸ்டேஷனில் விளக்குக்காரர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போட்டது வலது கையால். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி, சாட்சி போடுகிற இடத்தில் போய் முடிந்தது. பாவம், பயத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். "மேடம், இந்த வயரிங் அவர் போட்டதே இல்ல! மனுஷன் யாருக்காகவோ பழியைத் தூக்கிட்டு உள்ள போயிருக்கார்!"

"முதல்ல இறங்கு. நீ விழுந்தா ஏணி ஏற வேற ஆள் தேடணும்."

இறங்கும்போது பங்களாவின் சொந்தக்காரர் வந்து நின்றார். நல்ல மனிதர். ஒன்பது நாளில் பத்து வயது கூடியிருந்தது அவருக்கு.

"அந்த விளக்குக்காரர் மேல எனக்குக் கோபமே வரலை மேடம்," என்றார். "சொன்ன சொல் தட்ட மாட்டார். படிக்கட்டு விளக்கு ரொம்ப மேல இருக்கும் போலிருக்கே, ரெண்டு அடி இறங்கினா வாசல்லேர்ந்தே தெரியுமேன்னு போன்ல சொன்னேன். மறுநாளே சங்கிலியைக் கூட்டிக் கொண்டு வந்து மாட்டிட்டார்."

"என்னைக்கு சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மாட்டினார். ஏன் மேடம்?"

"சும்மாதான்," என்றார் மேடம். அவர் சும்மா எதையும் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என் புத்தி இடது கையிலேயே நின்றுவிட்டது.

பின்கட்டில் சைட் எலெக்ட்ரீஷியன் வயர் சுருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். டெஸ்டரை எந்தக் கையில் வைத்திருந்தான் என்கிறீர்கள்? இடது கையில்! நான் மேடத்தின் முழங்கையை இடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, ஒரு முழ வயரை அவனிடம் நீட்டினார்.

"தம்பி, விளக்கு கிண்ணத்துக்குள்ள ஒரு முடிச்சு போடுவாங்களே, அதைப் போட்டுக் காட்டு."

"முடிச்சா? நான் என்ன மாடா கட்டறேன்? நாலு சுத்து டேப் சுத்தினா வேலை முடிஞ்சுது." பெருமையாகச் சுற்றியும் காட்டினான். அந்த டேப்பைப் பார்த்தால், இவன் வயரிங் போட்ட வீட்டில் தங்க எனக்கு மனசு வராது. ஆனால் முடிச்சு இவனுடையது இல்லை, அது நிச்சயம்.

"படிக்கட்டு விளக்கை வேற யாராவது தொட்டாங்களா?"

"யாரும் தொடலைங்க. கிண்ணத்தைப் பட்டறையிலேயே மூடித்தான் கொண்டு வருவாங்க. கூரையில இருக்கற ஜாயிண்ட் மட்டும் என்னுது, அது அப்படியே இருக்குன்னு ஆபீசரே சொல்லிட்டார். நான் கயிறு இழுத்தேன், அவர் ஏணியில நின்னு மாட்டினார். அன்னைக்கு அந்த அம்மா வரலை. தடவித் தடவி மாட்டினதுல அரை நாள் போச்சு."

"பட்டறையில வேலையாள் உண்டா?"

"ஒருத்தரும் இல்ல. அவரும் அந்த அம்மாவும்தான். அந்த அம்மா கண்ணாடி துடைப்பாங்க."

வண்டியில் ஏறியதும் மேடம் விளக்குக்காரரின் பட்டறைக்குத் திருப்பினார். வழியெல்லாம் நான் பேசினேன். பாதி வழியில் அந்த இடது கை யாருடையது என்று எனக்கே தெரிந்துவிட்டது, அதோடு ரேடியோ அணைந்தது.

பட்டறை ஒரு நீளமான அறை. சுவர் முழுக்க பித்தளைக் கிளைகள், கொக்கிகள், அளவு வாரியாகச் சங்கிலிகள். ஒரு மேஜையில் பழைய துணி விரித்து, துடைத்த கண்ணாடிக் கூண்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். விளக்குக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எழுந்து நின்றார். அழுது அழுது முகமே வீங்கிப்போயிருந்தது. இருந்தாலும் எங்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அம்மா, இவனுக்கு அந்த முடிச்சு வர மாட்டேங்குது. கொஞ்சம் காட்டுங்க," என்று மேடம் வயரை நீட்டினார்.

யோசிப்பதற்கு முன்னாலேயே அக்காவின் கை வேலையை முடித்துவிட்டது. இடது கை. இழை இடப்பக்கம் சாய்ந்தது. முடிச்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வயரை மேஜையில் வைத்தார்.

"எத்தனை வருஷமா?" என்றார் மேடம்.

"மூணு." அக்கா உட்கார்ந்துவிட்டார். "அவருக்குக் கண்ணு போச்சும்மா. முழுசா இல்ல. ஓரமா இருக்கறது தெரியும், நேரா பார்த்தா நடுவுல ஒரு புகை. டாக்டர் இனிமே திரும்பாதுன்னுட்டார். வெளிய தெரிஞ்சா எங்களுக்கு யாரு வேலை குடுப்பா? பித்தளை தேய்க்கறதுக்குக் கை போதும், அது அவர். வயர் நான். மாட்டும்போது கீழ நின்னு 'இடது பக்கம், இன்னும் கொஞ்சம் மேல'ன்னு சொல்லிட்டே இருப்பேன். பொண்டாட்டி அதிகாரம் பண்றான்னு பார்க்கறவங்க சிரிப்பாங்க. சிரிச்சா சிரிக்கட்டும்னு இருந்தோம்."

"பதினாலும் நீங்க போட்டதா அக்கா?" என்றேன்.

"பதினாலும் நான்தான் தம்பி. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துதான் மூடினேன். தப்பு இருக்காதுன்னு சத்தியமா நம்பினேன். அதான் உங்ககிட்ட வந்தேன். ஆனா இருக்குன்னு ஆபீசர் சொல்றாரே. இருந்தா அது என் தப்பு, அவருது இல்ல." துடைத்து வைத்திருந்த கூண்டு ஒன்றை எடுத்து மறுபடி துடைத்தார். "எனக்காக அவர் உள்ள உக்காந்திருக்கார். நான் போய் உண்மையைச் சொல்றேன்னு கம்பியைப் பிடிச்சுட்டு அழுதேன். 'விடு'ங்கறார். போன வாரமும் 'விடு', நேத்தும் 'விடு'. வேற ஒரு வார்த்தை வரலை அந்த மனுஷன் வாயிலேர்ந்து."

நாற்காலிக்குப் பின்னால் ஒரு பை இருந்தது. இரண்டு புடவை, சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு. எங்கே போகக் கட்டியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடணும்மா. நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. செத்துப்போன அந்தப் பையனோட சம்சாரத்தையும் ஒரு தடவை பார்த்துடணும். நான்தான்னு சொல்லணும்."

புருஷனை மீட்க வந்த வழக்கில் பொண்டாட்டியைப் பிடித்துக் கொடுப்பதா துப்பறிவது? மேடத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த சங்கிலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கட்டு விளக்குக்கு நீங்க விட்ட சங்கிலி எத்தனை அடி?"

"நாலு. ஏம்மா?"

"அந்த வெள்ளிக்கிழமை நீங்க இங்க இருந்தீங்களா?"

"இல்லியே. தங்கச்சிக்கு ஆபரேஷன். வியாழன் ராத்திரி போயிட்டு ஞாயித்துக்கிழமைதான் வந்தேன். பதினாலாவதைப் பெட்டியில வச்சு மூடிட்டுத்தான் போனேன்."

"சரி, பையை எடுத்துக்குங்க. போற வழியில ஒரு இடம் பாக்கி இருக்கு," என்றார் மேடம். அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

தீயணைப்பு நிலையத்தில் அக்காவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனோம். ஆபீசர் அலமாரியைத் திறந்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். கிளைகள் வளைந்து கருகியிருந்தன. கூடவே கிடந்த சங்கிலியை மேடம் சாணளவில் அளந்தார். ஆறு அடி.

"சங்கிலி நீண்டா உள்ள ஓடற வயரும் நீளணும்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "பழைய வயரை உருவிட்டுப் புதுசு போடணும். அதுக்குக் கிண்ணத்தைத் திறக்கணும்."

ஆபீசர் கிண்ணத்தைத் திறந்தார். வயரின் உறை எரிந்து சாம்பலாகியிருந்தது, ஆனால் உள்ளே இருந்த செம்பு அப்படியே வளைந்து நின்றது. முடிச்சு முடிச்சாகவே இருந்தது. என் பாக்கெட்டிலிருந்து ஷூ லேஸை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தன.

"வலது கை!" கத்தியே விட்டேன். "மேடம், இது வலது கை! அக்கா போட்டது இல்ல! அக்கா தப்பிச்சாங்க, அக்கா தப்பி..."

மீதி வரவில்லை. அக்கா தப்பித்தால் மாட்டுவது யார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"முடிச்சு அருமையாத்தான் போட்டிருக்கான்," என்றார் ஆபீசர் விவரம் தெரியாமல். "கோட்டை விட்டது இங்கதான். பாருங்க, இந்தத் திருகுக்குக் கீழ நாலு இழைதான் மாட்டியிருக்கு. மீதி இழையெல்லாம் வெளிய பரந்து கிடக்கு. கண்ணு உள்ளவன் எவனாவது இப்படி விடுவானா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் துடைத்தார்.

"முப்பது வருஷம் போட்ட முடிச்சு, கைக்கு அது மறக்கலை. திருகு மட்டும் கண்ணுக்குத் தெரியலை," என்றார் என்னிடம். "பொண்டாட்டி ஊர்ல இல்ல. சொந்தக்காரர் போன் பண்றார். கூப்பிட்டு அவளை வரவழைக்கணும், இல்ல முடியாதுன்னு சொல்லணும். ரெண்டும் செய்யாம, ஒரு தடவை நாமளே போட்டுடலாம்னு உக்காந்திருக்கார். அவர் யாரையும் காப்பாத்தலை, ரேடியோ. போலீஸ்கிட்ட சொன்னது அப்பட்டமான உண்மை."

"மேடம், இதை நாம பார்க்கலைன்னு வச்சுக்கலாமே."

"வச்சுக்கிட்டா அந்த அம்மா நேரா ஸ்டேஷனுக்குப் போய் நான்தான்னு எழுதிக் குடுப்பாங்க. நாம ரிப்போர்ட் எழுதினா மாட்டறது அவர், எழுதலைன்னா இவங்க. மூணாவது வழி உனக்குத் தெரிஞ்சா சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படிக் கை இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி நான் நின்றதில்லை. யாராவது ஒரு அயோக்கியன் அகப்பட்டிருந்தால் இழுத்துப்போட்டு நாலு கேள்வி கேட்டிருப்பேன். இதில் அயோக்கியனே இல்லை. செத்தவர் மட்டும் செத்துப்போனார்.

"அந்தப் பெயிண்டரோட சம்சாரம் தினமும் வந்து நிக்குது," என்றார் ஆபீசர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே. "யார் தப்புன்னு சொல்லுங்கன்னு கேக்குது. நாளைக்காவது சொல்லிடலாம்."

வெளியே வந்தோம். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் சுற்றி வளைக்காமல், சங்கிலியில் தொடங்கித் திருகு வரைக்கும் சொல்லி முடித்தார். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா மடியிலிருந்த பையைத் தரையில் இறக்கி வைத்தார்.

"முடிச்சு சரியா இருந்துச்சாம்மா?" என்றார்.

"நல்லா இருந்துச்சு."

"அதுல அவரை அடிச்சுக்க ஆள் இல்ல. எனக்கே அவர்தான் சொல்லிக்குடுத்தார்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஒரு போன் பண்ணியிருக்கலாம். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்திருப்பேன். சங்கிலி கூட்டினதைக் கூட எங்கிட்ட சொல்லலை பாருங்க. திங்கக்கிழமை எரியட்டும், வந்து பார்த்து அவளே அசந்து போகட்டும்னு இருந்திருப்பார்."

"இருக்கலாம்," என்றார் மேடம்.

"அதான் 'விடு'ன்னாரா..." அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எனக்காக உள்ள போனீங்களேன்னு நான் அழ அழ, அந்த மனுஷன் எப்படித் துடிச்சிருப்பார். இல்லடி, நான்தான்னு சொல்ல வாய் வரலை போலிருக்கு."

நான் என்னவோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

"நீங்க எழுதறதை எழுதுங்கம்மா," என்றார் அக்கா. " அந்தப் பொண்ணுக்கு யாராவது உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். இதை கோர்ட்டுல அவர் முன்னால எப்போ படிப்பாங்க?"

"ரிப்போர்ட்டை நாளைக்கு போலீஸ்கிட்ட குடுத்துடுவேன்," என்றார் மேடம். " அவர் முன்னால படிக்க ரெண்டு மாசம் ஆகும்."

அக்கா விரல் விட்டு எதையோ எண்ணினார். "வாரத்துக்கு ஒரு நாள் பார்க்க விடறாங்க. எட்டு தடவை போவேன். எட்டு தடவையும் கம்பியைப் பிடிச்சுட்டு, என் தப்புக்கு நீங்க ஏங்க உள்ள இருக்கீங்கன்னு அழுதுட்டு வருவேன். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என் முகத்தைப் பார்க்கவே கூசிப் போயிடுவார்."

"எதுக்கு அக்கா?" என்றேன்.

"அவருக்குக் கண்ணு போனதை மூணு வருஷமா ஊர்கிட்ட மறைச்சவதானே தம்பி நான்," என்றார். "இதை ரெண்டு மாசம் அவர்கிட்ட மறைக்க மாட்டேனா?"